பங்குனியிலிருந்து ஆடி வரை தொடர் கச்சேரி: பாடகர்களின் தொண்டையும் உடம்பும் தாங்க என்ன செய்யலாம்?

#1 குடமுருட்டி

பங்குனி உத்திரத்தில் ஆரம்பித்து ஆடிக் கடைசி வெள்ளி வரைக்கும் நம்ம பக்கம் மெல்லிசைக் குழுக்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இன்றைக்குப் பாபநாசம், நாளைக்குத் திருத்துறைப்பூண்டி, மறுநாள் சீர்காழி என்று பத்து நாள் தொடர்ச்சியாகத் தேதி விழுந்துவிடும். ராத்திரி 9 மணிக்கு மேடை ஏறினால் இறங்க 1 மணி. ஆறாம் நாள், ஏழாம் நாளில் மேல் ஸ்தாயி கம்மிப்போவதும் நான்கு குரலில் ஒன்று படுத்துக்கொள்வதும் எந்தக் குழுவிலும் வாடிக்கை. சுடுதண்ணி, பனங்கற்கண்டு, மிளகு எல்லாரும் சொல்வதுதான். அதைத் தாண்டி, முதல் நாளே என்ன ஏற்பாடு செய்துவைத்தால் பத்தாம் நாளும் குரல் நிற்கும்? மருத்துவம், ஒலியமைப்பு, பாட்டு தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். இரண்டு ஆண், இரண்டு பெண் பாடகர் என்று வைத்துக்கொள்ளலாம்.

#2 கமலாலயம்

குரல் சிகிச்சைப் பக்கமிருந்து சொல்கிறேன். மேடையில் நான்கு மணி நேரம், அதிலும் ஆளுக்கு ஏழெட்டுப் பாட்டுத்தான். மீதி இருபது மணி நேரத்துக்குத் தொண்டைக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

பெண் சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. பேச்சில் பாதி நேரம்தான் ஒலி எழும்புகிறது என்று வைத்தாலும் ஒரு மணி நேரப் பேச்சுக்கு மூன்றரை லட்சம் மோதல். இது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் கணக்கு. ஓடுகிற வேனில் இன்ஜின் சத்தம், காற்றுச் சத்தம், பின்சீட்டில் யாரோ போட்ட பாட்டு. இதற்கு மேல் கேட்க வேண்டும் என்று நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம், மோதலின் வேகமும் கூடும். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் போவதற்குள், மேடையில் செலவழிக்க வேண்டிய குரலில் பாதி வேனிலேயே தீர்ந்துவிடும். அதனால் முதல் ஏற்பாடு: வேனில் பாடகர்கள் பேசுவதில்லை. வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டட்டும். கிசுகிசுப்பதும் வேண்டாம், அடித்தொண்டையை இறுக்கிக் கிசுகிசுத்தால் அதுவும் சுமைதான். ஏசிக் காற்று நேராக முகத்தில் படாமல் திறப்பைத் திருப்பி வையுங்கள்.

அடுத்தது, "க்ம்ம்" என்று தொண்டையைச் செருமுவது. செருமும்போது இரண்டு நாண்களும் அறைந்துகொள்ளும். அதனால் சளி மேலும் சுரக்கும், மறுபடி செருமத் தோன்றும். செரும வந்தால் ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலை அழுத்தி விழுங்கினாலும் போதும்.

தண்ணீர் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாய்க்குத்தான் போகும், குரல் நாணைத் தொடாது. தொட்டால் புரையேறும். உடம்பு முழுக்க நீர் ஏறி, அதில் நாணின் மேல்படலமும் ஈரமாக வேண்டும், அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். எட்டே முக்காலுக்கு அரை லிட்டரைக் கவிழ்த்தால் 9 மணிக் கச்சேரிக்கு உதவாது. காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் 6 மணி வரை மணிக்கு ஒரு டம்ளர், அதன் பிறகு வாய் நனைக்கிற அளவுக்கு. சித்திரை வெயிலில் மொத்தம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரியான அளவு. இருதயம், சிறுநீரகத்துக்கு வைத்தியம் செய்துகொள்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

#3 கடைமடை

கமலாலயம் அக்கா சொல்றது முழுக்கச் சரி. ஆனா நடைமுறையில ஏன் பெண் பாடகர்கள் தண்ணி குடிக்கிறதில்லைன்னு யாராவது சொல்லணும். கிராமத்து மேடைக்குப் பின்னாடி கழிப்பறை கிடையாது. அதனால மத்தியானம் 3 மணியிலிருந்தே குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. ராத்திரி 1 மணி வரைக்கும் பத்து மணி நேரம் வறட்சி, அதுக்கு மேல ஜரிகைச் சேலையும் ஒப்பனையும் போக்கஸ் லைட்டும். மூணாம் நாள் குரல் கட்டும், அஞ்சாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல்.

இதுக்கு வைத்தியம் மருந்துக்கடையில இல்ல, அட்வான்ஸ் வாங்குற எடத்துல இருக்கு. மேடையிலேருந்து 100 மீட்டருக்குள்ள ஒரு வீட்டுக் கழிப்பறை, இரவு 7 முதல் 1.30 வரைக்கும் திறந்திருக்கணும், பக்கத்துல தண்ணி, வழியில வெளிச்சம். இதை விழாக் கமிட்டிகிட்ட எழுதியே வாங்கணும். மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் எழுதி வாங்குறோமே. கேட்டா எந்த ஊர்லயும் மறுக்க மாட்டாங்க, யாரும் கேக்குறதில்ல.

#4 வெண்ணாறு

நான் ஒலியமைப்பு ஆளு. குரல் போறதுல எங்க பங்கு பெருசுங்கறதை ஒத்துக்கணும். தன் குரல் தனக்குக் கேக்கலைன்னா எந்தப் பாடகரும் கத்தத்தான் செய்வாங்க.

ரிதம் பேடும் கீபோர்டும் மானிட்டர்ல (பாடுறவங்களுக்குக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) நிறைஞ்சு கிடக்கும், பாடுறவங்க குரல் அதுக்கு அடியில போயிடும். பாடகர் மானிட்டர்ல அவங்க குரல் முதல்ல, சுருதிக்குக் கொஞ்சம் கீபோர்டு, அவ்வளவுதான். பேட் வேண்டாம், அது நேராவே காதுல விழுது. மிக்ஸர்லேருந்து மானிட்டருக்குப் போற தனி வழி (ஆக்ஸ்) ப்ரீ-ஃபேடர்ல, அதாவது சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடருக்கு முன்னாடியே பிரியற மாதிரி இருக்கணும். இல்லன்னா வெளி ஸ்பீக்கருக்காக ஃபேடரை இறக்குறப்போ மானிட்டரும் இறங்கிடும், பாடுறவங்க பாட்டு நடுவுல பதறிக் கத்துவாங்க.

மானிட்டரைக் கூட்டினா மைக் கூவுதுன்னு (ஃபீட்பேக்) சொல்வாங்க. அது வைக்கிற எடத்தைப் பொறுத்தது. எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே பெரும்பாலும் வாங்குற) மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு. அதனால மானிட்டர் பாடகருக்கு நேர் எதிர்ல, மைக்கோட வால் பாத்து இருக்கணும். பீட்டா 58 மாதிரி சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் கேக்கும். செவிட்டு எடம் ரெண்டு பக்கமும் 120 டிகிரி தாண்டி. அதுக்கு மானிட்டரைக் கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி வைக்கணும். மைக் தலையைக் கையால பொத்திப் பிடிச்சா இந்தக் கணக்கெல்லாம் போச்சு, எந்த மைக்கும் கூவும். அப்புறம் ஆபரேட்டர் மானிட்டரைக் குறைப்பாரு, பாடகர் கத்துவாரு.

மைக் உதட்டுலேருந்து ரெண்டு விரல் தூரம். 2.5 செ.மீ.லேருந்து 5 செ.மீ.க்கு விலக்கினா ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அந்தக் குறைச்சலை பாடுறவங்க தொண்டையால சரிக்கட்டுவாங்க. உச்சத்துல ஒரு சாண் விலக்கிப் பிடிக்கிறது பழகின கையி. ஆனா கீழ் ஸ்வரத்துக்குத் திரும்புறப்போ மைக்கும் திரும்பி வரணும், நிறையப் பேரு அதை மறந்துடுறாங்க.

கோயில் குழாய் ஸ்பீக்கர் மேடையைப் பாத்துக் கட்டியிருந்தா சாயங்காலமே திருப்பச் சொல்லுங்க. புகை மெஷின் இருந்தா பாடகர் கால் பக்கம் வைக்க விடாதீங்க, அந்த கிளைக்கால் (glycol) திரவப் புகை தொண்டையைக் காய வைக்கும்.

#5 அரிச்சந்திரா

மருந்துக் கடைப் பக்கமிருந்து நான்கு விஷயம்.

தலைவலி, உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தொடர்ந்து உச்சத்தில் பாடுபவருக்கு நாணில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய் வெடித்தால் கசிவு பெரிதாகும். ஆஸ்பிரினின் தாக்கம் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். 500 மி.கி. ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அந்த அளவும் அதிகம், மருத்துவரைக் கேட்க வேண்டும். மழைக்காலக் காய்ச்சலுக்கும் இதே விதிதான்: டெங்குவாக இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. இருதயத்துக்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாதவிடாய் வலிக்குப் பெண்கள் வாங்கும் மாத்திரைகளில் மெஃபனமிக் அமிலம் இருக்கும், அதுவும் இந்த வகைதான். கூடவே டைசைக்ளோமின் சேர்ந்தது என்றால் வாயும் வறளும். அந்த நாட்களை ஒட்டி நாண் லேசாக வீங்குவதும் உண்டு. இரண்டும் சேரும் நாளில் உச்சஸ்தாயிப் பாட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

சளி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் இருந்தால் மூக்கோடு தொண்டையும் காயும், தூக்கமும் வரும். தொண்டையை மரக்கச் செய்யும் மிட்டாய் போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டாம். வலி தெரியாமல் பாடுவதுதான் ஆபத்து.

அதிமதுரத்தை எல்லாரும் வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். ஒரு துண்டு பரவாயில்லை. சீசன் முழுக்கத் தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் தொடவே வேண்டாம். பனங்கற்கண்டும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் கணக்கில் வையுங்கள்.

#6 பூம்புகார் காத்து

கச்சேரி அன்னைக்குத் தொண்டை கட்டிக்கிட்டா ஊசி போட்டா ரெண்டு மணி நேரத்துல சரியாயிடுதுன்னு நிறைய குழுக்கள்ல வழக்கம் இருக்கு. அதுல என்ன தப்பு? தேதியை விட முடியாதுல்ல. தயிரும் ஐஸும் தொட்டாத்தான் தொண்டை கெடும்.

#7 கமலாலயம்

தம்பி, அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது வீக்கத்தைத்தான் அடக்கும். வீக்கத்துக்குக் காரணம் சாதாரண சளியாக இருக்கலாம், நாணில் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். கசிந்திருக்கும் நாணோடு நான்கு மணி நேரம் பாடினால் தழும்பு விழும், தழும்பு விழுந்த நாண் பழையபடி அதிராது. குழாய் விட்டு நாணைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் கொடுத்தால் சரி, பார்க்காமல் போடும் ஊசி வேண்டவே வேண்டாம்.

இதை எல்லாப் பாடகர்களும் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்: பாடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு இருமலிலோ ஒரு உச்சப் பிடியிலோ, சட்டென்று குரல் உடைந்து கரகரத்தால், வலி இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மெல்ல மெல்லக் கட்டுவது வேறு, இது வேறு. அன்றிலிருந்து முழு மௌனம், ஓரிரு நாளில் பரிசோதனை. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் இதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். தேதிக்கு மாற்றுக் குரல் தேடலாம், நாணுக்கு மாற்று கிடையாது. சாதாரணக் கரகரப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் பார்த்துவிட வேண்டும்.

தயிர் குரலைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பால், தயிர் சாப்பிட்ட பிறகு எச்சில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அதைச் சளி என்று நினைத்துச் செருமுகிறோம். மத்தியானம் மோர் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். மேடை ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் தவிர்த்தால் போதும். தயிரைவிடப் பெரிய எதிரி நடுராத்திரிப் பிரியாணி. 1.15க்குப் பரோட்டா, சால்னா, பிரியாணி என்று வயிறு முட்டச் சாப்பிட்டு 1.45க்கு மல்லாந்து படுத்தால் வயிற்றுப் புளிப்பு தொண்டை வரை ஏறி நாணின் பின்பக்கத்தைச் சுடும். நெஞ்செரிச்சல் இல்லாமலே இது நடக்கும். காலையில் குரல் தடித்திருப்பது, தொண்டையில் உருண்டை நிற்பது போலிருப்பது, வாய்ப்புளிப்பு எல்லாம் இதன் அடையாளம். "நேற்று அதிகமாகப் பாடிவிட்டேன்" என்று பாட்டின் மேல் பழி போடுவார்கள்.

முழுச் சாப்பாடு மாலை 6.30க்குள். கச்சேரி முடிந்து பசித்தால் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கஞ்சி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இருப்பது நல்லது. முடியாதபோது வேன் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது மல்லாந்து படுப்பதைவிட மேல். லாட்ஜில் கட்டில் என்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள், அரை அடி உயரும். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுங்கும், அதில் பலன் இல்லை. இடப்பக்கம் திரும்பிப் படுங்கள்.

#8 நாலரைக் கட்டை

கர்நாடக இசை சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் கட்டையை, அதாவது பாடும் சுருதியின் உயரத்தை, பற்றிச் சொல்கிறேன். தொண்டை சரியில்லாத நாளில் அரைக் கட்டை இறக்குவதைக் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். அப்படி எண்ண வேண்டியதே இல்லை.

5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஆதார சட்ஜம் (ஸ) 196 ஹெர்ட்ஸ், மேல் பஞ்சமம் (ப) ஏறத்தாழ 587. நாலரைக்கு இறக்கினால் சட்ஜம் 185, மேல் பஞ்சமம் 554. உச்சத்தில் நொடிக்கு முப்பத்துச் சொச்சம் மோதல் குறைகிறது. சபையில் யாருக்கும் தெரியாது, தொண்டைக்குத் தெரியும்.

மெல்லிசையில் கீபோர்டில் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் ஒன்று குறைத்தால் தீர்ந்தது. கர்நாடகக் கச்சேரியில் அப்படி இல்லை. வயலினைத் தளர்த்திக்கொள்ளலாம், சுருதிப் பெட்டியை மாற்றலாம். மிருதங்கத்தைக் கல்லும் புல்லும் (தட்டிச் சுருதி சேர்க்கும் மரக்கட்டை) கொண்டு ஓரளவுதான் இறக்க முடியும். முழுக் கட்டை மாற வேண்டுமென்றால் வேறு மிருதங்கம் வேண்டும். கடத்தின் சுருதியை அந்த அளவுக்கு மாற்ற முடியாது, வேறு கடம்தான் எடுக்க வேண்டும். ஆகையால் பக்கவாத்தியக்காரர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மேடையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சங்கடம் அவர்களுக்கு.

மெல்லிசைக்காரர்களுக்கு இன்னொன்று. ஆடியில் அம்மன் பாட்டோடு துவங்குவது முறை. அதில் பல உச்சஸ்தாயிப் பாட்டுகள், தொண்டை சூடேறாத நேரத்தில் முதல் பாட்டாக வருகின்றன. விநாயகர் துதியை நடு ஸ்தாயியில் வைத்து, உச்சமான அம்மன் பாட்டை நான்காவதோ ஐந்தாவதோ ஆக்குங்கள். 8 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, மந்திர (கீழ்) ஸ்தாயியிலிருந்து சரளி வரிசை அகாரத்தில் ("ஆ" என்று) மெதுவாக வர வேண்டும். மேல் சட்ஜத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தொட்டால் போதும்.

திருவையாற்று ஆராதனைக்குத் தை மாதப் பனியில் காவிரிக் கரையில் பஞ்சரத்னம் பாட உட்காருபவர்களுக்கும் வெண்ணாறு சொன்னது பொருந்தும். அத்தனை குரலுக்கு நடுவில் தன் குரல் கேட்காது, எல்லாரும் உரக்கப் பாடுவார்கள். ஒரு கையைக் காதருகே மடக்கி வைத்தால் தன் குரல் கேட்கும், கத்தத் தோன்றாது.

#9 குடமுருட்டி

அருமை. கமலாலயம் அக்கா, தண்ணிக்குள் ஸ்ட்ரா விட்டு ஊதும் பயிற்சி என்கிறார்களே, அதைச் சரியாகச் செய்வது எப்படி?

#10 கமலாலயம்

ஒரு லிட்டர் பாட்டிலில் கால் பாகம் தண்ணீர். 5, 6 மி.மீ. துளையுள்ள எவர்சில்வர் ஸ்ட்ரா (பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலையிலிருந்து தடை, காகிதம் ஊறிவிடும்). ஸ்ட்ராவின் நுனி நீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும். உதட்டால் காற்று கசியாமல் கவ்வி, உள்ளே "ஊ" என்று ஒலி எழுப்புங்கள். குமிழி சீராக வர வேண்டும். முதலில் சட்ஜத்தில் நிலையாக ஐந்து நொடி, பத்து முறை. பிறகு கீழிருந்து மேலே சங்கு ஊதுவது போல் வழுக்கி ஏறி இறங்குங்கள். கடைசியாக அன்றைய பாட்டின் ஒரு பல்லவி. மொத்தம் ஐந்து நிமிடம். தண்ணீரின் எதிரழுத்தம் நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கும், மோதல் மென்மையாகும்.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஸ்ட்ராவை அடி வரை விட்டால் அழுத்தம் கூடிக் கழுத்து நரம்பு புடைக்கும், அப்போது உயர்த்துங்கள். இன்னொன்று மூக்கு வழியாகக் காற்று போவது. ஒலி எழுப்பும்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள், ஒலி மாறினால் கசிகிறது. மேடை இறங்கியதும் மூன்று நிமிடம் இதையே மேலிருந்து கீழாகச் செய்யுங்கள், கூட்டத்தோடு பேசப் போவதற்கு முன்.

ஆவி பிடிப்பது நேராக நாணை ஈரமாக்கும். வெறும் தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம். தைலம், கற்பூரம் போடாதீர்கள், அவை எரிச்சலைத் தரும். பாத்திரத்தை மடியில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். மூக்குக் கழுவ 240 மி.லி. கொதித்து ஆறிய நீரில் அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக. குழாய்த் தண்ணீரை, ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது, அமீபா தொற்று உயிருக்கு ஆபத்து.

#11 வெண்ணாறு

ஜெனரேட்டர் விஷயம் விட்டுப்போச்சு. டீசல் புகை நேரா மேடைக்கு வர்ற மாதிரி நிறுத்திட்டுப் போயிடுவாங்க. ஆடியில மேற்கேருந்து மேல்காத்து, அதனால மேடைக்குக் கிழக்கே நிறுத்தணும். தை, மாசியில வடகிழக்கேருந்து வாடைக்காத்து, தென்மேற்கே நிறுத்தணும். சித்திரை வைகாசியில நாகை, வேளாங்கண்ணி, கோடியக்கரை பக்கம் சாயங்காலம் கடல்காத்து கிழக்கேருந்து வரும், அங்க மேற்கே. சந்தேகமா இருந்தா 6 மணிக்கு மேடைக் கம்பத்துல ஒரு ரிப்பன் கட்டிப் பாருங்க. வாணவேடிக்கை போட்டா புகை கலையிற வரைக்கும் வாத்திய இசை ஓடட்டும், பாடகரை எழுப்பாதீங்க.

#12 கடைமடை

நாலு பேரும் ரெண்டு மைக்கை மாத்தி மாத்திப் பிடிக்கிறாங்க, ஒருத்தருக்குச் சளின்னா மறுநாள் எல்லாருக்கும். அதுக்கு என்ன வழி வெண்ணாறு அண்ணே?

#13 வெண்ணாறு

ஆளுக்கொரு மைக், பேரெழுதி டேப் ஒட்டிடுங்க தங்கச்சி. முடியலைன்னா ஆளுக்கொரு கிரில்லாவது (மைக் தலையில இருக்கிற கம்பி வலை) வாங்குங்க, அது தனியா விக்குது. கிரில்லை இடப்பக்கமாத் திருகினா கழண்டு வரும். உள்ள இருக்கிற ஸ்பாஞ்சோட சோப்புத் தண்ணியில போட்டு, பழைய மெல்லிசான பல் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, நிழல்ல முழுசாக் காய வைங்க. ஈரத்தோட மாட்டினா உள்ள இருக்கிற தகடு கெடும். கழட்டின நேரத்துல மைக் தலையில தண்ணியோ ஸ்பிரிட்டோ அடிச்சிடாதீங்க.

#14 அரிச்சந்திரா

வியர்வை அதிகம் போகும் நாளுக்கு ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் சரியாக 1 லிட்டர் தண்ணீருக்கு, சின்னப் பொட்டலம் 200 மி.லி.க்கு. அட்டையைப் படித்துக் கலக்க வேண்டும். பெரியதை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு அதிகமாகி வயிற்றைக் கலக்கும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாத சாதாரண நாளுக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்புளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த மருந்தே குரலைக் கரகரக்கச் செய்யும்.

#15 குடமுருட்டி

விழாக் கமிட்டிக்கு அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"பாடகர்களுக்கு இரவு உணவு மாலை 6.30 மணிக்குள். மேடைக்கு 100 மீட்டருக்குள் கழிப்பறை, இரவு 7 முதல் 1.30 வரை. பாடகர்களுக்கென்று இரண்டு மானிட்டர். ஜெனரேட்டர் நிறுத்தும் இடம் எங்கள் ஒலியமைப்பாளர் காட்டுவது. 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒரு பிளாஸ்க். இரவு கிளம்பும் முன் வேன் டிரைவர் நான்கு மணி நேரம் படுத்துத் தூங்க ஒரு இடம்."

#16 கடைமடை

டிரைவரைச் சேத்தது ரொம்ப நல்லது. கழிப்பறை வரியில "உள்தாழ்ப்பாள், விளக்கு, வாளி" மூணையும் சேருங்க. போன பிறகு பாத்தா கதவு மட்டும் இருக்கும்.